வைகறையும் குருதி வெல்லமும்

நீரிழிவு என்னும் சொல் நீர் இழிதல், அஃதாவது சிறுநீர் மிகுதியாக வெளியேறுதல், என்னும் பொருள் தருவது. கிரேக்கர் இந்நோய்க்கு இட்ட பெயரும் ஊடே பாய்ந்து செல்லுதல் என்னும் கருத்தினையே உடையது. வடமொழி மருத்துவ நூலார் சிறுநீரின் இனிமையை நோக்கி மதுமேகம் என்றனர். இம்மூன்று பெயர்களும் உடலை விட்டு நீங்கும் நீரைக் கண்டு இடப்பட்டவை. நோயின் வேர் உடலுக்குள்ளே, ஈரல், சதையி முதலிய உறுப்புக்களின் தொழிற்பாட்டிலே உள்ளதென்பது பின்னர்த் தெளிந்த உண்மை.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கிழக்குக் கரையோர ஊர்களிலே பொதுமக்கள் இதனைச் 'சீனி வருத்தம்' என்று வழங்குவர். எளிய, பொருத்தமான பெயரே. ஆயினும், சீனி தின்றமையால் வந்தது, சீனியை விலக்கினால் நீங்கிவிடும் என்னும் பிழையான எண்ணத்திற்கு அப்பெயர் இடமளிக்கின்றது. அவ்வெண்ணம் எத்துணைக் குறைபாடுடையது என்பதை வைகறை வேளையிலே எடுக்கப்படும் ஒரு துளிக் குருதி காட்டிவிடும்.

இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசிய ஆய்வு ஒன்று, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 10.3 பேர் நீரிழிவுடையோர் எனக் கணித்தது. போர்ச் சூழலால் வட, கிழக்கு மாகாணங்கள் அக்கணிப்பில் இடம்பெறவில்லை. 2018, 2019ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த மற்றோர் ஆய்வோ வளர்ந்தோரில் நூற்றுக்கு 23 பேர் என்று கண்டது. ஐவரில் ஒருவருக்கு மேல் எனின், இந்நோய் அறியாத குடும்பம் அரிதென்பது சொல்லாமலே விளங்கும். இவர்களுட் பெரும்பாலோர் இரண்டாம் வகை நீரிழிவுடையோர். உடலிலே இன்சுலின் சுரந்தும் அது போதிய பயன் விளைக்காமையும், காலப்போக்கிற் சுரப்பே குன்றுதலும் இவ்வகையின் இயல்பாகும்.

இந்நோயாளர் பலரையும் மயங்கச் செய்யும் புதிர் ஒன்று உண்டு. ஒருவர் இரவு எட்டு மணிக்கு அளவோடு உண்கின்றார். படுக்கைக்குச் செல்லுமுன் குருதி வெல்லம் டெசிலீற்றருக்கு 140 மில்லிகிராம் என வைத்துக்கொள்வோம். பின்னர் அவர் யாதொன்றும் உண்டிலர். சுபஹுத் தொழுகைக்கு எழுந்து அளந்து பார்த்தபோது அது 180 ஆகின்றது. நோயற்றவருக்கு இவ்வேளையில் அது 100க்குக் குறைவாக இருத்தல் வேண்டும். நோயாளருட் பலருக்கும் 80 முதல் 130 வரை மருத்துவர் எல்லை வகுப்பர். உண்ணாத வயிற்றில் உயர்ந்த இவ்வெல்லம் எங்கிருந்து வந்தது?

விடை அறியாதார் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். ஒருசாரார் இரவு உணவே குற்றமுடையதென எண்ணி, மறுநாள் பட்டினியோடு படுக்கின்றனர். மற்றொரு சாரார் மருந்து போதவில்லையென முடிவு செய்து, தாமாகவே ஒரு குளிசையைக் கூட்டிக்கொள்கின்றனர். இரண்டும் உயிருக்கே ஊறு விளைத்தல் கூடும். திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம், நோய் இன்னதென்று துணிந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தணிக்கும் வழியை நாடவேண்டும் என்று முறைப்படுத்துகின்றது. காலை வெல்லத்தைப் பொறுத்தவரை அந்நடுப்படியே பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றது. ஆதலின் காரணத்தை முதற்கண் ஆராய்தல் தகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, வெல்லம் உணவினால் மாத்திரமே உடலைச் சேரும் என்று அறிஞர் நம்பியிருந்தனர். பிரான்சு நாட்டு உடற்றொழிலியலாளர் குளோட் பேணாட்டு இதனை ஐயுற்றார். 1855ஆம் ஆண்டில் அவர், வேறாக்கி எடுத்த ஈரல் ஒன்றின் குழாய்களினூடே நீரைச் செலுத்தி, அதிலிருந்த வெல்லம் முழுவதும் நீங்குமாறு கழுவினார். பின்னர் அதனை அவ்வாறே வைத்துவிட்டு, மறுநாட் சோதித்தார். கழுவிய ஈரலில் மீண்டும் வெல்லம் நிறைந்திருந்தது. ஈரலே வெல்லத்தை ஆக்குகின்றது என்பது இதனாற் புலனாயிற்று. 1857இல் அவ்வெல்லத்திற்கு மூலமாகிய கிளைக்கோசன் என்னும் சேமிப்புப் பொருளையும் அவர் பிரித்தெடுத்தார். ஓரிரவு கழிந்து காலையிற் குளுக்கோசுமானியைக் கையில் எடுக்கும் நோயாளி காண்பதும் இவ்வீரலின் தொழிலையேயாம்.

இத்தொழில் நோயன்று. உயிர் நிலைப்பதற்கு இன்றியமையாதது. மூளை நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோசினைச் செலவிடுகின்றது. உறக்கத்திலும் அச்செலவு நிற்பதில்லை. குருதி முழுவதிலும் ஒருவேளை இருப்பதோ ஐந்து கிராம் அளவே. ஆகவே ஈரல் இராமுழுதும் சிறிது சிறிதாகக் குளுக்கோசை விடுகின்றது. அறுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு இது மணிக்கு ஏழு கிராம் அளவாகும். எட்டு மணி நேரத்தில் ஐம்பது கிராமுக்கு மேற்படும். தேக்கரண்டியால் அளந்தால் பத்துக்கு மேற்பட்ட கரண்டிச் சீனிக்கு இது நிகர். இவ்வீட்டை அளவோடு நிறுத்தும் மடைகாவலன் இன்சுலின் ஆகும். வயலுக்குப் பாயும் நீரை வாய்க்காலின் மடை கட்டுப்படுத்துமாறு, இன்சுலின் ஈரலின் வெல்லத்தைக் கட்டுப்படுத்துகின்றது. இரண்டாம் வகை நீரிழிவிலே ஈரல் அக்கட்டளைக்குச் செவ்வனே அடங்குவதில்லை. சேமிப்புக் குறைந்த பின்னரும் அமினோ அமிலம், கிளிசரோல் முதலியவற்றிலிருந்து புதிய குளுக்கோசை ஆக்கிக்கொண்டேயிருக்கும். 1957இல் பிரான்சிலே சான் இசுற்றேண் என்பார் நீரிழிவுக்குப் பயன்படுத்தி வெளியிட்ட மெற்போமின் என்னும் மருந்து, முதன்மையாக ஈரலின் இம்மிகை ஆக்கத்தையே குறைக்கின்றது. மிகப் பலருக்கு இம்மருந்தே முதலில் அளிக்கப்படுதற்குக் காரணங்களுள் இஃதொன்று.

இனி, விடியலில் மாத்திரம் வெல்லம் ஏன் ஏறுகின்றது? உறக்கத்தின் முற்பகுதியில் வளர்ச்சி ஓமோன் மிகுதியாகச் சுரக்கின்றது. பின்னிரவிற் கோட்டிசோல் உயரத் தொடங்கி, விழிக்கும் வேளையில் உச்சமடைகின்றது. எழுந்து தொழில் செய்தற்கு உடலை ஆயத்தஞ் செய்வனவாகிய இவை, இன்சுலினின் ஆற்றலை எதிர்ப்பன. நோயற்றவர் உடல் சிறிது இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து இதனை ஈடு செய்துவிடும். நோயாளர் உடலுக்கு அது இயலாமையால் வெல்லம் உயர்கின்றது. 1981இல் இதற்கு 'வைகறை நிகழ்வு' என்னும் பெயர் மருத்துவ இலக்கியத்தில் இடம்பெற்றது. இன்சுலின் ஏற்றுவோருக்கு மாத்திரமன்றி இரண்டாம் வகையினருக்கும் இது பரவலாக உண்டென்பதை 1984இல் வெளியான ஆய்வு காட்டியது. 2013இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வொன்று, இந்நிகழ்வு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஈமோகுளோபின் ஏ1சி அளவை ஏறத்தாழ 0.4 புள்ளி உயர்த்துகின்றதெனக் கணித்தது. சிறிதாயினும், ஆண்டுக்கணக்கில் தொடரின் கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்கவல்ல வெல்லத்திற்கு இதுவும் ஒரு பங்கு சேர்க்கின்றது.

எனினும் காலை உயர்வுகள் யாவும் வைகறை நிகழ்வே என்று கொள்ளுதல் பொருந்தாது. இரவு நேரங்கழித்துச் சோறும் பிட்டும் மிகுதியாக உண்டோருக்குப் படுக்கும்போதே வெல்லம் உயர்ந்திருக்கும். அவ்வுயர்வு விடியும்வரை நீளும். மாலையிற் கொண்ட மருந்தின் வலிமை விடியுமுன் தேய்ந்துபோதலும் உண்டு. மற்றொரு காரணத்தை, அங்கேரியிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய மைக்கேல் சொமோஜி என்னும் உயிரிரசாயனவியலாளர் 1938இல் எடுத்துரைத்தார். மருந்து மிகையானால் நள்ளிரவில் வெல்லம் தாழும். அதனைச் சீர்செய்ய உடல் எதிர் ஓமோன்களைச் சுரக்க, காலையில் வெல்லம் துள்ளி உயரும் என்பது அவர் கொள்கை. இடைவிடாது வெல்லத்தை அளக்கும் கருவிகள் வந்தபின் செய்த ஆய்வுகள், இத்துள்ளல் அரிதென்றும், இரவில் வெல்லம் தாழ்ந்தோருக்குப் பெரும்பாலும் காலையிலும் தாழ்ந்தேயிருக்கும் என்றும் காட்டின. ஆயினும் இரவுத் தாழ்வு தன்னளவில் அபாயமானது. வியர்வை, தீக்கனவு, நடுக்கம், காலைத் தலையிடி என்பன அதன் குறிகள். அத்தகையவர் காலை எண்ணைக் கண்டு மருந்தைக் கூட்டின் விளைவு யாதாகும் என்பது வெளிப்படை.

இக்காரணங்களைப் பிரித்தறியும் வழி எளிது. சில நாட்கள் படுக்குமுன்னும், பின்னிரவு இரண்டு அல்லது மூன்று மணிக்கும், விழித்தவுடனும் அளந்து குறித்தல் வேண்டும். முதலிரண்டும் செம்மையாய் இருந்து மூன்றாவது மாத்திரம் உயரின் அது வைகறை நிகழ்வு, அல்லது மருந்தின் தேய்வு. மூன்றும் உயர்ந்திருப்பின் இரவுணவையோ மருந்தின் அளவையோ ஆராய்தல் வேண்டும். நடு எண் 70க்குக் குறையின் மருந்து மிகையென ஐயுற்று, தாமதமின்றி மருத்துவரை அணுகவேண்டும். நாள் முழுதும் குத்திப் பார்ப்பதினும், காலமறிந்து எடுத்த மூன்று எண்கள் மருத்துவருக்கு மிக்க பயனுடையன. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, வடக்கு ஆதார வைத்தியசாலை ஆகிய இரண்டும் அரச வைத்தியசாலைகளே. அத்தகைய இலவச மருத்துவ நிலையங்களிற் கிளினிக்குக்குச் செல்வோர் அக்குறிப்பேட்டையும் உடன்கொண்டு செல்லுதல் நன்று. குருதிச் சோதனைக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் உண்ணாதிருத்தல் போதும். முன்மாலையில் உண்டு, மறுநாள் முற்பகல்வரை வரிசையிற் காத்திருந்தாரது எண், அவரது வழமையான காலை எண்ணாகாது. பட்டினி நீளுந்தோறும் ஈரல் ஓய்ந்திராது.

தணிக்கும் வழிகளுள் உணவே முதன்மை. இரவுணவைப் படுக்கைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னரே முடித்தல், சோற்றைக் குறைத்து மீன், பருப்பு, கீரை ஆகியவற்றைக் கூட்டுதல், உண்டபின் பதினைந்து இருபது நிமிடம் நடத்தல் என்பன பயன் தருவன. கடலும் வாவியும் அருகுள்ள இவ்வூர்களில் மீனுக்குப் பஞ்சமில்லை. இரவுணவை முற்றாக நீக்குதல் தகாது. கிளிக்லசைட் போன்ற குளிசைகளோ இன்சுலினோ கொள்வோருக்கு அது நள்ளிரவு மயக்கத்தையும் தரக்கூடும். காலை வேளையில் இன்சுலினின் எதிர்ப்பு மிக்கிருத்தலால், சீனித் தேநீரும் பாணும் அப்போது பெருந்தீங்கு செய்யும். சீனியின்றிய தேநீரும், அளவான இடியப்பத்தோடு முட்டையோ பருப்போ சேர்ந்த உணவும் ஏற்றன. நல்லுறக்கமும் வேண்டும். உறக்கக் குறைவு இன்சுலினின் எதிர்ப்பைக் கூட்டும். இவை போதாவிடத்து மருந்தின் அளவையோ வேளையையோ மாற்றுவது மருத்துவரின் கடனேயன்றி, அயலாரின் அறிவுரையாற் செய்வதன்று.

இக்கரையோரத்துக்குச் சிறப்பாக உரிய வினா றமழான் நோன்பு பற்றியதாகும். இங்கு நோன்பின் காலம் நாளொன்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு மணி நேரமாம். 2001இல் பதின்மூன்று நாடுகளில் நிகழ்ந்த ஆய்வு, இரண்டாம் வகை நோயாளருள் நூற்றுக்கு 79 பேர் பதினைந்து நாட்களேனும் நோன்பு நோற்றனர் என்றும், கடுமையான வெல்லத்தாழ்வு அவர்களிடையே ஏழரை மடங்கானது என்றும் கண்டது. ஸஹர் உணவு, வைகறை ஓமோன்கள் உயரும் வேளையிலேயே உண்ணப்படுகின்றது. ஆகவே அவ்வேளையிற் சோற்றையும் இனிப்பையும் மிகுத்தல் காலை உயர்வை இரட்டிக்கும். ஸஹரை இயன்றவரை பிற்படுத்துதல் மார்க்கம் விரும்புவது. மருத்துவமும் அதனையே வேண்டுகின்றது. நோன்பிடையே வெல்லம் 70க்குக் குறையினும் 300க்கு மேற்படினும் நோன்பை விடுதல் வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டல். விரலிற் குத்தி அளத்தல் நோன்பை முறிக்காதென்பது மார்க்க அறிஞர் பரவலாக ஏற்ற கருத்து. நோயாளருக்குத் திருக்குர்ஆன் சலுகை அளித்திருத்தலால் அதனைக் கொள்வதில் இழுக்கொன்றுமில்லை. நோன்புக்கு ஆறு வாரம் முன்னரேனும் மருத்துவரோடு கலந்து மருந்தின் முறையை வகுத்தல் அறிவுடைமை. அயலூர்களிற் கந்தசட்டி முதலிய விரதங்களை நோற்கும் சைவ மக்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

இதுகாறும் கூறியவாற்றால், காலையில் உயர்ந்த எண் நோயாளரின் நாவடக்கத்தைப் பழிக்கும் சான்றன்று என்பது பெறப்படும். உண்டதை மறைத்தாரென்று வீட்டிலுள்ள முதியோரைக் கடிந்துகொள்ளும் பிள்ளைகளும், தம்மையே நொந்துகொண்டு மருந்தைக் கைவிடும் முதியோரும் இவ்வுண்மையை அறிதல் வேண்டும். உறங்கும் உடலுக்குள் உறங்காது தொழில் செய்யும் ஈரலின் கணக்கு அவ்வெண். பழிப்பதை விடுத்து, பின்னிரவில் ஒருமுறை எழுந்து அளந்து பார்த்தல் காரணத்தை வெளிப்படுத்தும். காரணம் வெளிப்பட்டவிடத்து மருந்தும் உணவும் தத்தம் இடத்தில் நிற்கும்.