ஏலமணமும் உணர்வேற்பிகளின் செலவும்

ராசிங்காபுரத்தை அடுத்த போடிநாயக்கனூருக்கு மலையினின்று இறங்கும் ஏலத்தின் மணத்தை நாம் எங்ஙனம் அறிகின்றோம் என ஈண்டு ஆராய்வோம். ஏலத்தின் சினியோல் முதலிய ஆவிப்பொருள்கள் மூக்கினுள் உள்ள நரம்பணுக்களின் குறுயிழைகளைச் சேர்கின்றன. சிலியா எனப்படும் இவ்விழைகளிலேயே மணவேற்பிகள் தங்குகின்றன. அவ்வேற்பிகளுக்குரிய மரபணுக்களை 1991இல் லிண்டா பக்கும் ரிச்சர்டு ஆக்செலும் கண்டறிந்தனர். 2004இல் நோபெல் பரிசும் பெற்றனர்.

ஆயின் ஏற்பிகள் பிறக்குமிடம் இழையன்று, அணுவின் உடற்பகுதியேயாம். அங்கிருந்து துணைப்புரதங்கள் உடன்வர, இழையடியில் அமைந்த வாயிலைக் கடந்தே அவை உட்புகல் வேண்டும். சிலவகை ஏற்பிகளில், செல்லுமிடம் சுட்டும் குறி அவற்றின் அமினோ அமிலத் தொடரிலேயே அமைந்துள்ளது.

பார்டெட்-பீடில் நோயில் இப்போக்குவரத்துக்குரிய புரதங்கள் பழுதுறுகின்றன. பார்வை மங்குவதோடு மணவுணர்வு குன்றுதலும் உண்டு. ஏலம் அருகிருந்து கமழினும், ஏற்பி இடஞ்சேரா வழி மணம் இல்லை என்பது இதனாற் பெறப்படும்.