எந்தக் கிளை பின்தங்கியது?

ஒரு வங்கிக்கு மூன்று கிளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 10 பணியாளர்கள். முதல் கிளை முகப்பில் நாளொன்றுக்கு 600 வாடிக்கையாளர்களைக் கவனிக்கிறது. மாதத்திற்கு 20 கடன்களை வழங்குகிறது. இரண்டாம் கிளையில் 200 வாடிக்கையாளர்கள், 60 கடன்கள். மூன்றாம் கிளையில் 300 வாடிக்கையாளர்கள், 30 கடன்கள். இவற்றுள் பின்தங்கியது எது?

வாடிக்கையாளர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டாம் கிளை கடைசி. கடன்களை மட்டும் பார்த்தால் முதல் கிளை கடைசி. மூன்றாம் கிளை இரண்டு பட்டியலிலும் நடுவில் நின்று தப்பித்துவிடுகிறது!

இப்போது ஒரு வரைபடத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடை அச்சில் வாடிக்கையாளர்கள், செங்குத்து அச்சில் கடன்கள். முதல் இரண்டு கிளைகளின் புள்ளிகளை ஒரு நேர்கோட்டால் இணையுங்கள். அதன் நடுப்புள்ளி 400 வாடிக்கையாளர்கள், 40 கடன்கள். ஐந்து பேர் முதல் கிளையின் முறையிலும், ஐந்து பேர் இரண்டாம் கிளையின் முறையிலும் உழைத்தால் கிடைக்கக்கூடிய அளவு அது. மூன்றாம் கிளை அதே 10 பேரை வைத்துக்கொண்டு இரண்டிலும் முக்கால் பங்கைத்தான் எட்டியிருக்கிறது. ஆக, அதன் செயல்திறன் 75 விழுக்காடு. உண்மையில் பின்தங்கியது அதுதான்.

இம்முறைக்குத் ‘தரவு உறைப் பகுப்பாய்வு’ என்று பெயர். சிறந்த புள்ளிகளை இணைக்கும் கோடு மற்ற எல்லாப் புள்ளிகளையும் ஓர் உறைபோல் மூடி நிற்பதால் வந்த பெயர். 1957இல் பிரிட்டிஷ் பொருளியலாளர் மைக்கேல் ஃபேரல் இதற்கு வித்திட்டார். 1978இல் ஆப்ரகாம் சார்ன்ஸ், வில்லியம் கூப்பர், எட்வார்டோ ரோட்ஸ் மூவரும் அதை முழுமையான கணித முறையாக்கினர். அவர்கள் முதலில் அளக்க முற்பட்டது வங்கிகளை அல்ல. அமெரிக்கப் பள்ளிகளில் நடந்த ஒரு கல்வித் திட்டத்தை! 1985இல் ஷெர்மன், கோல்டு என்ற இருவர் ஓர் அமெரிக்கச் சேமிப்பு வங்கியின் 14 கிளைகளுக்கு இதைப் பயன்படுத்தினர்.

ஒரு கடன் எத்தனை வாடிக்கையாளர்களுக்குச் சமம் என்று தலைமையகம் முடிவு செய்தால், யாராவது ஒருவர் முணுமுணுக்கத்தான் செய்வார். இம்முறையோ அந்த உரிமையை ஒவ்வொரு கிளைக்கும் கொடுத்துவிடுகிறது. தனக்கு மிகவும் சாதகமான மதிப்பை அதுவே தேர்ந்துகொள்ளலாம். மூன்றாம் கிளைக்கு ஏற்றது, ஒரு கடனுக்குப் பத்து வாடிக்கையாளர் என்ற கணக்கு. அப்படிக் கூட்டினால் முதல் இரு கிளைகளுக்கும் தலா 800 புள்ளிகள், அதற்கு 600. மறுபடியும் அதே 75 விழுக்காடு! வேறு எந்த மதிப்பைத் தேர்ந்தாலும் அதன் நிலை இன்னும் கீழேதான் போகும். நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆனால், மூன்றாம் கிளை ஏன் பின்தங்கியது என்பதை இந்த எண் சொல்லாது. அருகில் மருத்துவமனை இருந்து, முதியவர்கள் அதிகம் வரலாம். ஒவ்வொருவருக்கும் கூடுதல் நேரம் தேவைப்படலாம். அதை நேரில் போய்ப் பார்த்துத்தான் அறிய வேண்டும். என்னைக் கேட்டால், கணக்கைவிட இந்தப் பகுதிதான் கடினம்.

கணக்கில் ஏறும் எண்ணிக்கையே பொய்யாக இருந்தால் எந்தச் சூத்திரமும் உதவாது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒரு வாடிக்கையாளரிடம் எட்டுச் சேவைகளையாவது விற்க வேண்டும் என்று கிளைகளை நெருக்கியது. இலக்கை எட்ட, பணியாளர்கள் பலர் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே கணக்குகளைத் திறந்தனர். தாளில் விற்பனை அமோகம்! உண்மை வெளிவந்தபோது, அப்படித் திறக்கப்பட்டிருக்கக்கூடியவை ஏறக்குறைய 20 லட்சம் கணக்குகள் என்று மதிப்பிடப்பட்டது. சுமார் 5,300 பேர் வேலையிழந்திருந்தனர். 2016 செப்டம்பரில் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, கிளைகளுக்கான அந்த விற்பனை இலக்குகளையே வங்கி நீக்கிவிட்டது.