கவிழ்ந்திருத்தல் கட்டாயமா?

அருமை மிக்க ஒன்றைக் ‘கண் போன்றது’ என்பது தமிழர் வழக்கு. அக்கண்ணினுள்ளும் நடுநாயகமாய் விளங்குவது விழித்திரையின் மையமாகிய ‘மாக்குலா’ என்னும் சிறு பகுதியாகும். எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் இதன் துணையாலேயே. முதுமையில் கண்ணினுள் நிறைந்துள்ள கூழ்ப்பொருள் சுருங்கி விலகுங்கால், இவ்விடத்தை இழுத்துத் துளையாக்கிவிடுவதுண்டு. அப்போது நேர்கோடு வளைந்து தோன்றும். சொல்லின் நடுவெழுத்து மறையும். நாள்தோறும் திருமறையைப் பார்த்து ஓதிப் பழகிய முதியோர்க்கு இஃது எத்துணைத் துயர்!

இத்துளையை அறுவை மருத்துவத்தால் மூடலாம் என்பதை 1991இல் அமெரிக்க மருத்துவர்களாகிய கெல்லி, வெண்டல் ஆகியோர் காட்டினர். கூழ்ப்பொருளை அகற்றிவிட்டு, அவ்விடத்தில் வாயுவை நிரப்புவதே முறை. வாயு மேலெழும் இயல்பினது. துளையோ விழியின் பின்புறத்தே உள்ளது. முகத்தைக் கவிழ்த்திருந்தால் வாயுக்குமிழி துளையின்மேல் படிந்திருக்கும் என்று கருதி, நோயாளரைப் பல நாள்கள் கவிழ்ந்திருக்கப் பணித்தனர். கழுத்துவலி, முதுகுவலி உடைய முதியோர் அறுவையினும் இதற்கே பெரிதும் அஞ்சினர்.

கண் முழுதும் வாயு நிறைந்திருப்பின், நிமிர்ந்திருக்கும்போதும் அது துளையை மூடி நிற்குமன்றோ? இவ்வினாவின் வழியே சென்ற டோர்னாம்பே குழுவினர், கவிழாதிருந்தும் துளை மூடுதல் கூடும் என 1997இல் அறிவித்தனர். சிறு துளைகள் பெரும்பாலும் அவ்வாறே மூடுகின்றன எனப் பின்வந்த ஆய்வுகளும் கூறின.

பெரிய துளைகளின் நிலை என்ன? 400 மைக்ரானும் அதற்கு மேலும் அகன்ற துளையுடைய 185 பேரிடம் பிரித்தானியாவில் நிகழ்ந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஐந்து நாள்கள், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கவிழ்ந்திருக்கப் பணிக்கப்பட்டோருள் 95.5 விழுக்காட்டினர்க்குத் துளை மூடியது; முகம் நேர்நோக்கி இருந்தோருள் 85.6 விழுக்காட்டினர்க்கு மூடியது. இவ்வேறுபாடு தற்செயலன்று என உறுதிகூறப் புள்ளியியல் இடந்தரவில்லை. எனினும், கவிழ்ந்திருந்தோர்க்குப் பார்வை சற்றே மேம்பட்டிருந்தது.

இவற்றால் நாம் தெளிவது யாது? பெரிய துளையுடையோர், உடல் இடந்தருமாயின், சில நாள் கவிழ்ந்திருத்தல் நன்று. இயலாதோர் அதற்கஞ்சி அறுவையையே கைவிட வேண்டுவதில்லை. தம் துளையின் அளவைக் கேட்டறிந்து, மருத்துவர் சொல்வழி நிற்றலே முறை. எனினும் மல்லாந்து படுத்தல் ஆகாது. வாயு கரையும்வரை வானூர்திப் பயணமும் கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண்ணைக் கெடுக்கும். ஹஜ், உம்ரா செல்லக் கருதுவோர் இதனை மறத்தலாகாது.

நிற்க இயலாதோர் அமர்ந்தும், அமர இயலாதோர் படுத்தும் தொழ இசைவளித்தது நம் மார்க்கம். நோயுற்றோர்க்கு எளிமை காட்டும் அவ்வருள்நெறியை மருத்துவமும் இத்துறையில் தேடி வருதல் நமக்கு மகிழ்வளிக்கின்றது.