பதவியில் இருப்பவர் ஏன் தோற்கிறார்? ஸ்ரீவில்லிபுத்தூர் அடுப்படியிலிருந்து ஒரு விளக்கம்

1952 தொடக்கத்தில் சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது, சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் ராஜபாளையத்துக்காரர். பெயர் பூ. ச. குமாரசாமி ராஜா. அவர் போட்டியிட்டது பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். கையில் ஆட்சி, பின்னால் காங்கிரஸ் என்ற மாபெரும் கட்சி, நாட்டுக்கே விடுதலை வாங்கித் தந்த கொடி. இத்தனையும் இருந்தும் தோற்றார்.

பதவியில் இருக்கும்போதே சொந்தத் தொகுதியில் தோற்ற முதலமைச்சர் என்றால் நம் நினைவுக்கு வருவது 1967இல் ஸ்ரீபெரும்புதூரில் தோற்ற பக்தவத்சலமும், 1996இல் பர்கூரில் தோற்ற ஜெயலலிதாவும்தான். அவர்களுக்கெல்லாம் முன்னவரான குமாரசாமி ராஜாவை நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம். அவர் ஊழல் செய்து தோற்கவில்லை, ஆணவத்தால் தோற்கவில்லை. தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றமாக ஊருக்குக் கொடுத்தவர். அதனால்தான் அவருடைய தோல்வியைப் பார்க்க வேண்டும் என்கிறேன். குற்றம் குறை உள்ளவர் தோற்றால் அந்தக் குறையைச் சுட்டிவிட்டுப் போய்விடலாம். நல்லவர் தோற்கும்போதுதான் தோல்வி எப்படி இயங்குகிறது என்பது வெளியே தெரிகிறது.

அந்த இயக்கத்தைப் புரிந்துகொள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்பைவிட நல்ல இடம் இல்லை. அகலமான இரும்புச் சட்டி. அடியில் விறகுத் தீ, பெரும்பாலும் புளிய விறகு. சட்டியில் பாலும் சர்க்கரையும். பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீர். அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போனால்தான் மிச்சம் திரண்டு கோவாவாகும். அதுவரை ஒருவர் நின்று துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். மேலாகத் துழாவினால் போதாது. துடுப்பு அடியைத் தொட்டு, ஓரத்தை வழித்து, மறுபடி நடுவுக்கு வர வேண்டும். தீ திடீரென ஏறினாலோ கை சற்று நின்றாலோ பால் அடியில் பிடித்துவிடும். அப்போதும் மேற்பரப்பு வெள்ளையாகத்தான் இருக்கும். முதலில் வருவது வாடை. அந்தத் தீய்ந்த வாடை சட்டி முழுவதும் ஏறிவிட்டால், பிறகு எவ்வளவு சர்க்கரை கொட்டினாலும் போகாது.

வாங்கித் தின்பவருக்கு விறகை அடுக்கியது யார் என்று தெரியாது. பால் எந்த ஊர் மாட்டுடையது, அது எப்போது அடுப்பில் ஏறியது என்பதும் தெரியாது. சட்டியின் முன்னால் துடுப்போடு நிற்பவரை மட்டுமே தெரியும்.

குமாரசாமி ராஜா துடுப்பை வாங்கியது 1949 ஏப்ரலில், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரிடமிருந்து. பால் அதற்கு வெகு முன்பே கொதித்துக்கொண்டிருந்தது. சென்னை மாகாணம் பர்மா அரிசியை நம்பி இருந்த காலம் ஒன்று உண்டு. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரவு நின்றது. போர்க்காலத்தில் ரேஷன் வந்தது. போர் முடிந்த பிறகும் அது போகவில்லை. இடையில் சில மாதங்கள் கட்டுப்பாட்டை எடுத்துப் பார்த்தார்கள். விலை ஏறியது, மறுபடி போட்டார்கள். அடுத்தடுத்துப் பருவமழையும் பொய்த்தது. ராயலசீமைப் பக்கம் பஞ்சமே வந்தது. இவற்றில் எதுவும் ராஜபாளையத்துக்காரர் மூட்டிய தீ அல்ல.

ஆனால் பற்றாக்குறையைச் சமாளிக்க அரசு எடுக்கும் ஒவ்வொரு நடவடிக்கையும் அந்தப் பற்றாக்குறைக்கு ஒரு முகத்தைக் கொடுத்துவிடுகிறது. விளைவித்தவன் பார்வையில் பாருங்கள். மழை பொய்த்ததால் களத்துமேட்டில் குவியலே சின்னது. அதிலும் வீட்டுச் செலவுக்கு இவ்வளவு, விதைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, மிச்சத்தை அரசு சொன்ன விலைக்குக் கொடுக்கச் சொல்லி அதிகாரி வந்து நிற்கிறார். வெளிச்சந்தையில் அதைவிடக் கூடுதலாக விற்கும் என்று அவனுக்குத் தெரியும். ஊர்விட்டு ஊர் ஒரு மூட்டை கொண்டுபோவதற்கும் தடை. வாங்குபவள் பார்வையில் பாருங்கள். கையில் கார்டு, கடை வாசலில் வரிசை, அளந்து போடும் அரிசி வாரக் கடைசி வரை வராது. மழை பெய்யவில்லை என்று யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அதிகாரிக்கு முகம் உண்டு. அவரை அனுப்பிய அமைச்சருக்கும் முகம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்துப் பஞ்சத்தைத் தலைவிதி என்று பொறுத்துக்கொண்ட ஜனங்கள், தாங்களே ஓட்டுப் போட்டு அமர்த்தும் அரசிடம் அப்படிப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை என்று புரிந்துகொண்ட முதல் தேர்தல் அது. வயது வந்த எல்லோருக்கும் வாக்கு கிடைத்ததும் அந்தத் தேர்தலில்தான்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஹெர்பர்ட் ஹூவர் 1929 மார்ச்சில் அதிபரானார். அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. சரிவுக்கான காரணங்கள் அவருக்கு முந்தைய பத்தாண்டில் ஊறியவை. 1932இல் தேர்வாளர் வாக்குகளில் அவருக்குக் கிடைத்தது 59, எதிர்த்து நின்ற ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 472. ஜிம்மி கார்ட்டரின் நேர்மையை அவருடைய எதிரிகள்கூட ஒப்புக்கொண்டார்கள். 1980இல் பணவீக்கம் 13 சதவீதத்தை ஒட்டி நின்றது. டெஹ்ரானில் 52 அமெரிக்கர்கள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். வாக்காளர் மளிகைக் கடைச் சீட்டைப் பார்த்தார், தொலைக்காட்சியைப் பார்த்தார், ரேகனுக்குப் போட்டார். 2020இல் கொரோனா வந்தபோது அதைக் கையாண்ட விதத்துக்கான தீர்ப்பு டிரம்ப்பின் தலையில் விழுந்தது.

தீ மட்டுமே காரணம் என்றால் கஷ்டகாலத்தில் ஆளும் எல்லோரும் தோற்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. ரூஸ்வெல்ட்டே 1936இல், மந்தம் இன்னும் தீராதபோது, மிகப் பெரிய வெற்றி பெற்றார். துடுப்பைப் பிடித்திருக்கும் கைகள் ஒன்றாக இருக்கின்றனவா என்பதுதான் அடுத்த கேள்வி. என் கணிப்பில் பாதித் தோல்விகள் அங்கேதான் தீர்மானமாகின்றன.

சென்னைக் காங்கிரசில் அந்தக் கைகள் ஒன்றையொன்று தட்டிவிட்டுக்கொண்டிருந்தன. ஐந்தே ஆண்டுகளில் பிரகாசம், ஓமந்தூரார், குமாரசாமி ராஜா என்று மூன்று தலைமை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் கோஷ்டிச் சண்டை. கட்சித் தலைமையில் இருந்த காமராஜரின் ஆதரவில்தான் ராஜா முதல்வரானார். ஆந்திரப் பகுதியில் பிரகாசமும் என். ஜி. ரங்காவும் காங்கிரசை விட்டு வெளியேறித் தனித்தனிக் கட்சிகளில் நின்றார்கள். தமிழ் மாவட்டங்களில் ராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்களை எடுத்தது. 1949 செப்டம்பரில் பிறந்த தி.மு.க. அந்தத் தேர்தலில் தான் நிற்கவில்லை, காங்கிரசுக்கு எதிராக நின்றவர்களுக்குத் துணை நின்றது. கடைசியில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. பக்தவத்சலம், பெஜவாடா கோபால ரெட்டி உட்பட அமைச்சர்கள் பலர் தோற்றார்கள். முதல்வரும் தோற்றார்.

அமெரிக்காவில் 1912இல் அதிபர் டாஃப்ட் தோற்றது எதிர்க்கட்சியிடம் என்பதைவிட, தன்னை அரியணை ஏற்றிய தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் என்பதே சரி. ரூஸ்வெல்ட் தனிக்கட்சி கட்டி நிற்க, குடியரசுக் கட்சி வாக்கு இரண்டாகப் பிளந்து, பதவியில் இருந்த அதிபருக்கு 8 தேர்வாளர் வாக்குகளே கிடைத்தன. 1976இல் ஃபோர்டை அவர் கட்சிக்குள்ளேயே ரேகன் எதிர்த்தார். 1980இல் கார்ட்டரை எட்வர்ட் கென்னடி எதிர்த்தார். 1992இல் மூத்த புஷ்ஷை புக்கானன் எதிர்த்தார். மூவருமே கட்சி வேட்பாளர் பதவியைத் தக்கவைத்துக்கொண்டு பொதுத்தேர்தலில் தோற்றார்கள். உட்கட்சி எதிர்ப்பு வந்ததால் தோற்றார்களா, தோற்கப்போகிறார் என்ற வாடை அடித்ததால் எதிர்ப்பு வந்ததா? இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்றுதான் நான் நினைக்கிறேன். நம் ஊரில் 1996ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயலலிதா ஆட்சிமீது கோபம் இருந்தது உண்மை. ஆனால் அவரோடு கூட்டணி வேண்டாம் என்று மூப்பனார் காங்கிரசை உடைத்துத் த.மா.கா. கண்ட பிறகுதான் அந்தக் கோபத்துக்கு ஒரே வாய்க்கால் கிடைத்தது. அ.தி.மு.க. நான்கே இடங்களில் வென்றது.

எதிரே இருப்பவர்கள் சேர்கிறார்களா, சிதறுகிறார்களா என்பதைத் தேர்தல் அலசல்களில் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம். 1967இல் தனிக்கட்சியாகப் பார்த்தால் காங்கிரசின் வாக்கு தி.மு.க.வின் வாக்கைவிடக் குறைவில்லை. அண்ணா, ராஜாஜியின் சுதந்திராக் கட்சியிலிருந்து மார்க்சிஸ்டுகள் வரை ஒரே பக்கம் நிறுத்தியதால்தான் ஆட்சி மாறியது. இதே மாவட்டத்து விருதுநகரில் காமராஜர் 1,285 வாக்குகளில், மாணவர் தலைவராக வளர்ந்த பெ. சீனிவாசனிடம் தோற்றார். அன்றும் அடியில் எரிந்தது அரிசிப் பஞ்சம்தான். 2016இல் இதன் மறுபக்கம் தெரிந்தது. எதிர்ப்பு வாக்கு தி.மு.க. அணிக்கும் மக்கள் நலக் கூட்டணிக்கும் பிரிந்தது. ஜெயலலிதா பதவியில் இருந்தபடியே மறுபடி வென்றார்.

கடைசி நேரச் சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை. 2011இல் தி.மு.க. அரசு இலவசத் தொலைக்காட்சி, ஒரு ரூபாய் அரிசி என்று நிறையவே செய்திருந்தது. ஆனால் ராஜபாளையம் போன்ற நூற்பாலை ஊர்களில் மின்வெட்டு ஒவ்வொரு நாளும் வேலையைத் தின்றுகொண்டிருந்தது. ஷிஃப்டுக்குப் போனவர் இயந்திரம் நிற்கிற நேரத்தையும் அதனால் குறைகிற கூலியையும் எண்ணினார். வீட்டுக்கு வந்த தொலைக்காட்சியைப் போடவும் மின்சாரம் வேண்டும். தேவையான மின்நிலையங்களைக் கட்டாமல் விட்டது பல ஆண்டுக் கதை. ஆனாலும் தி.மு.க.வுக்கு 23 இடங்களே கிடைத்தன.

மாநிலத்தில் கட்சி தோற்பது ஒன்று, தலைவர் தன் தொகுதியில் தோற்பது இன்னொன்று. அமெரிக்க அதிபருக்குத் தொகுதி கிடையாது, நாடு முழுவதும் அவர் தொகுதி. நம் முதல்வர் ஊர் ஊராகப் பிரச்சாரத்துக்குப் போக வேண்டியவர். சொந்தத் தொகுதியில் நிற்கும் நேரம் குறைவு. எதிரணிக்கோ அந்த ஒரு தொகுதியில் முழுப் பலத்தையும் இறக்கினால் போதும். 2021இல் மம்தா பானர்ஜியின் கட்சி மேற்கு வங்கத்தை வாரிச் சுருட்டியபோதும் அவர் நந்திகிராமில் தோற்றார்.

பால் அடிப்பிடித்தால் கைதேர்ந்தவர்கள் அடியைச் சுரண்ட மாட்டார்கள். சுரண்டினால் கருகல் மேலே வந்து கலக்கும். மேலே இருப்பதை மெல்ல வேறு பாத்திரத்துக்கு மாற்றுவார்கள். ராஜா அரசு சுரண்டியது. கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது, ஆட்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அந்தக் கட்சி 62 இடங்களோடு சட்டமன்றத்துக்கு வந்தது. பெரும்பான்மை இல்லாத காங்கிரஸ் பிறகு பாத்திரத்தை மாற்றியது. எந்தத் தொகுதியிலும் நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமிக்க, அவர் 1952 ஏப்ரலில் முதல்வரானார். ஜூனில் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். ராஜா 1954இல் ஒடிசாவின் ஆளுநரானார், 1957இல் 58 வயதில் காலமானார்.

ஆறேழு மாதம் முன்னதாகக் குமாரசாமி ராஜாவே கட்டுப்பாட்டை எடுத்திருந்தால் ஸ்ரீவில்லிபுத்தூரில் வென்றிருப்பாரா? தொகுதியில் வென்றிருக்கக்கூடும் என்றே நினைக்கிறேன். மாநிலத்தில் பெரும்பான்மை கிடைத்திருக்காது. ஆந்திரத்தில் பிரகாசமும் ரங்காவும் போன வழி அரிசியால் அடைக்கக்கூடியது அல்ல. துணிந்து கட்டுப்பாட்டை நீக்கும் அளவுக்குச் சொந்தக் கட்சிக்குள் செல்வாக்கும் அவருக்கு இருக்கவில்லை. ராஜாஜிக்கு அது இருந்தது, கட்சிக்கு அப்போது அவரை விட்டால் வேறு ஆள் இல்லை என்பதால்.