சோழபுரமா... சோளபுரமா? உங்க ஊர் பேரை உங்க கீபோர்டு சரியா எழுதுதா?

பெரம்பலூரில் இருக்கும் நண்பருக்கு `பச்சைமலையில செம மழை' என்று வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் தட்ட வேண்டும். உங்கள் மொபைலில் இருப்பது ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாற்றித் தரும் கீபோர்டு. மலைக்கு எம், ஏ, எல், ஏ, ஐ என்று தட்டுவீர்கள். அவசரத்தில் மழைக்கும் அதே எம், ஏ, எல், ஏ, ஐ. மேலே வரும் பட்டியலில் எது முதலில் நிற்கிறதோ, அதுவே உள்ளே போய்விடும். ஸ்பேஸ் பார் தட்டி, சென்ட் பண்ணியாச்சு. பச்சைமலையில் `மலை' கொட்டிக்கொண்டிருக்கும்!

வாட்ஸ்அப்பில் இது காமெடி. இதுவே விண்ணப்பத்திலும் சான்றிதழிலும் நடந்தால், சிரிக்க முடியாது. அதனால், நம் விரலுக்கும் திரைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவோம்.

26-க்குள் அடங்காத தமிழ்

ஆங்கிலத்தில் இருப்பது 26 எழுத்துகள். தமிழில் உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எல்லாம் சேர்த்து 247. எண்ணிக்கைகூடப் பெரிய பிரச்னை இல்லை. நாம் காது கொடுத்துப் பிரிக்கும் ஒலிகளுக்கு ஆங்கிலத்தில் தனித்தனி எழுத்து இல்லை என்பதுதான் சிக்கல். ல, ள, ழ மூன்றையும் ஒரே `எல்'லில் தட்டிவிடுகிறோம். ர, ற இரண்டுக்கும் ஒரே `ஆர்'. ந, ன, ண மூன்றுக்கும் ஒரே `என்'. குறில், நெடில் வித்தியாசமும் பாதி நேரம் காணாமல் போய்விடும்.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பெயர்களை வைத்தே பார்க்கலாம்.

ராஜேந்திர சோழன் கங்கை வரை படை அனுப்பி வென்றதன் நினைவாக எழுப்பிய தலைநகர், கங்கைகொண்ட சோழபுரம். `ழ' வழுக்கி `ள' ஆனால், அது மக்காச்சோளம் விளையும் சோளபுரம். பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூர் கல்மரப் பூங்கா இருக்கிறது. கடல் சூழ்ந்திருந்த காலத்தில் புதைந்து கல்லாக மாறிய, 18 மீட்டர் நீள மரம் அங்கே கிடக்கிறது. `ல்' மாறினால் அது `கள்மரம்'. பூங்காவுக்கு வருகிற கூட்டமே வேற மாதிரி ஆகிவிடும்! அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி பறவைகள் சரணாலயத்தில் `ர' மாறினால் கறைவெட்டி. ஏரிக்கரை போய், சட்டைக் கறை வந்துவிடும்.

கீழப்பழுவூரைக் கேட்கவே வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு `ழ'. ஆங்கிலப் பலகையில் இரண்டுமே `எல்'.

கீபோர்டு எப்படி முடிவெடுக்கிறது?

நீங்கள் தட்டிய ஒலிக்குப் பொருந்தும் தமிழ்ச் சொற்களை அது தேடுகிறது. அதில் மக்கள் அதிகம் எழுதும் சொல் எது, நீங்கள் முன்பு தேர்ந்தெடுத்தது எது என்று பார்த்து வரிசைப்படுத்துகிறது. அதாவது, அதற்கு எழுத்துப்பிழை தெரியாது. எது அடிக்கடி வரும் என்பதுதான் தெரியும்.

அதனால், எல்லோரும் தினமும் எழுதும் சொற்களில் பெரும்பாலும் தப்பித்துவிடுவோம். மாட்டிக்கொள்வது எங்கே தெரியுமா? சின்ன ஊர்களின் பெயரிலும், மனிதர்களின் பெயரிலும்தான். உங்கள் கிராமத்தின் பெயரை உலகத்தில் எத்தனை பேர் தட்டியிருப்பார்கள்? அங்கே கீபோர்டு குத்துமதிப்பாகத்தான் எழுதும்.

ஆங்கில எழுத்தையே திருத்திவிட்டால் சரியாகுமா? அதையும் முயன்று பார்த்தாச்சு. 2020 ஜூன் மாதம், 1,018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி தமிழக அரசு அரசாணை வெளியிட்டது. புது ஸ்பெல்லிங்குகளைப் பார்த்த மக்கள் குழம்ப, சில நாள்களிலேயே அது வாபஸ் ஆனது.

சீனாவிலும் இதே கதைதான்!

சீன மொழியில் ஆயிரக்கணக்கான எழுத்துருக்கள். அத்தனைக்கும் கீபோர்டில் இடம் கிடையாது. எனவே, 1958-ல் சீன அரசு ஏற்றுக்கொண்ட `பின்யின்' என்கிற ரோமன் எழுத்து முறையில் உச்சரிப்பைத் தட்டுகிறார்கள். கணினி ஒரு பட்டியலை நீட்டும். அதிலிருந்து சரியான எழுத்தைத் தேர்ந்தெடுப்பார்கள்.

நமக்கு ல, ள, ழ என்றால், அவர்களுக்குத் தொனி. குரலை ஏற்றுவது, இறக்குவது, சமமாக வைப்பது என நான்கு தொனிகள். `மா' என்பதை ஒரு தொனியில் சொன்னால் அம்மா, இன்னொன்றில் குதிரை, மற்றொன்றில் திட்டு. இன்னும் ஒரு ஜோடி இருக்கிறது. `மாய்' என்பதை மூன்றாம் தொனியில் சொன்னால் வாங்குவது. நான்காம் தொனியில் சொன்னால் விற்பது. சின்ன வெங்காயம் வாங்கவா, விற்கவா என்பதே மாறிவிடும்!

தொனியையும் எண்ணாகக் குறித்துத் தட்ட வழி இருக்கிறது. ஆனால், அன்றாடம் தட்டுபவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பதில் ஒற்றை எழுத்தாகத் தட்டாமல் சொற்றொடராகத் தட்டுகிறார்கள். முன்னும் பின்னும் வரும் சொற்களை வைத்துக் கணினி ஊகிக்கிறது. தைவானில் பலர் பயன்படுத்தும் `சூயின்' முறையில் ரோமன் எழுத்தே கிடையாது. ஒலிகளுக்கும் தொனிகளுக்கும் தனி விசைகளே உண்டு.

இந்த வசதிக்கு ஒரு விலையும் இருக்கிறது. பேனாவைக் கையில் எடுத்தால் எழுத்து மறந்துபோவதைச் சொல்ல சீனத்தில் ஒரு சொற்றொடரே புழங்குகிறது. பட்டியலில் பார்த்தால் அடையாளம் தெரியும். காகிதத்தில் எழுதச் சொன்னால் வராது. `வேளையா, வேலையா?' என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறீர்களா? அதேதான் இது.

நம்மிடம் இருக்கும் இரண்டு வழிகள்

முதலாவது, ஆங்கில விசைகளிலேயே வித்தியாசத்தைக் காட்டித் தட்டுவது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மூலம் பரவிய `அஞ்சல்' முறை இப்படித்தான். சின்ன `எல்' போட்டால் ல, பெரிய `எல்' போட்டால் ள, `இஸட்' போட்டால் ழ. சின்ன `ஆர்' ர, பெரிய `ஆர்' ற. சின்ன `என்' ன, பெரிய `என்' ண. இங்கே ஊகமே இல்லை. நீங்கள் தட்டியதுதான் வரும்.

இரண்டாவது, தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய் எழுத்துகள் பெரும்பாலும் வலது கைக்கு. மொத்தம் 31 விசைகள். ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை.

இதில் செம விஷயம், புள்ளி தானாக விழுவது. `ப' விசையை இரண்டு முறை தட்டினால் `ப்ப' வரும். `ம' தட்டி `ப' தட்டினால் `ம்ப'. எனவே பெரம்பலூருக்கு ப, எ, ர, ம, ப, ல, ஊ, ர, புள்ளி என ஒன்பது தட்டல் போதும். ஆங்கிலத்தில் எழுதினால் பத்து எழுத்து! அரியலூருக்கு இரண்டிலும் எட்டு. `ஆங்கிலத்தில் தட்டுவதுதான் வேகம்' என்பது பழக்கத்தால் வந்த எண்ணம்.

ஐபோனில் தமிழ்99, அஞ்சல் இரண்டுமே உள்ளேயே இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் செல்லினம் ஆப்பில் இரண்டும் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் லோயர், ஹையர் படிக்கிறவர்களுக்கு, பழைய தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பு வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் பழகினால் குழப்பம் வரலாம்.

இது ஏன் உங்களுக்கு முக்கியம்?

முதல் காரணம், உங்கள் பெயர். இளவரசன் `இலவரசன்' ஆவதும், வள்ளி `வல்லி' ஆவதும், மலர்விழி `மலர்விலி' ஆவதும் ஒரு நொடி வேலை. ஆதார் பதிவில் ஆங்கிலத்தில் தட்டும் பெயரைக் கணினிதான் முதலில் தமிழாக்குகிறது. பதிவாளர் அதைத் திருத்த முடியும். ஆனால், தப்பு என்று சொல்ல நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு ஆவணத்தில் ர, இன்னொன்றில் ற என்று வந்துவிட்டால், திருத்துவதற்கு அலைய வேண்டியது நீங்கள்தான்.

இரண்டாவது, தேர்வு. டி.என்.பி.எஸ்.சி குரூப் 4-ல் 200 கேள்விகளில் 100 தமிழுக்கு. அந்தப் பகுதியில் 40 சதவிகிதம் எடுத்தே ஆக வேண்டும். ஒலி வேறுபாடு அறிந்து சரியான பொருளைக் கண்டுபிடிப்பதும் அதில் வரும் பகுதி. அங்கே பட்டியல் போட்டுக் காட்ட கீபோர்டு கிடையாது. வருஷம் முழுக்க மொபைலின் ஊகத்துக்கு விட்ட கண், தேர்வு ஹாலில் மட்டும் திடீரென்று ல, ள, ழ பிரிக்காது.

இன்றே செய்யக்கூடியவை

* ஆங்கில எழுத்தில்தான் தட்டுவேன் என்றால், `ழ'வுக்கு எப்போதும் இஸட், ஹெச் சேர்த்துத் தட்டுங்கள். பட்டியலில் சரியான சொல் மேலே வர அது உதவும்.

* பட்டியலில் முதலில் நிற்பதை அப்படியே எடுக்காமல், ஒரு நொடி இரண்டாவது, மூன்றாவது சொல்லையும் பாருங்கள். சரியானதைத் தேர்ந்தெடுக்கத் தேர்ந்தெடுக்க, கீபோர்டும் கற்றுக்கொள்ளும்.

* உங்கள் பெயர், அப்பா அம்மா பெயர், ஊர், தெரு, தாலுகா இவற்றைச் சரியாக ஒருமுறை எழுதி, போனில் நோட்ஸில் சேமித்து வையுங்கள். ஆன்லைன் விண்ணப்பங்களில் அதை காப்பி, பேஸ்ட் செய்துவிடலாம்.

* ஆதார், இ-சேவை மையங்களில் திரையில் உங்கள் தமிழ்ப் பெயரைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வோர் எழுத்தாகப் படித்துவிட்டு ஓகே சொல்லுங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

* தினமும் பத்து நிமிஷம் தமிழ்99-ல் தட்டிப் பாருங்கள். முதல் இரண்டு நாள் கடுப்பாகத்தான் இருக்கும். விசைகள் பழகியதும் ள, ல எங்கே என்று விரலுக்கே தெரிந்துவிடும்.

முதல் வேலையாக, உங்கள் ஊர்ப் பெயரை இப்போதே தட்டிப் பாருங்கள். சரியான பெயர் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது? பட்டியலிலேயே இல்லையென்றால், அதைக் கற்றுக்கொடுக்க வேண்டிய ஆள் நீங்கள்தான்.