லினக்ஸ் லேப்டாப், விண்டோஸ் கம்ப்யூட்டர்: ஃபைல் ஏன் போக மறுக்கிறது?

வீட்டுக்கு இரண்டாவது கம்ப்யூட்டர் வந்ததும் எல்லோருக்கும் தோன்றும் ஆசை ஒன்றுதான். இதில் இருக்கும் ஃபைலை அதில் திறக்க வேண்டும். இரண்டிலும் விண்டோஸ் இருந்தால் பெரிய சிரமம் இல்லை. ஒன்றில் லினக்ஸ் இருந்தால்தான் தகராறு ஆரம்பிக்கிறது.

“லினக்ஸ் எல்லாம் யார் வீட்டில் இருக்கிறது?” என்று கேட்காதீர்கள். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய லினக்ஸ் அது. 2020 ஜனவரியில் விண்டோஸ் 7-க்கான ஆதரவு நின்ற பிறகு, அந்தப் பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கு உயிர் கொடுத்ததும் லினக்ஸ்தான்.

அப்படி ஒரு லேப்டாப்பைப் பார்க்கத்தான் ஓட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சிக்குப் போயிருந்தேன். 1974-ல் கட்டிய கட்டபொம்மன் நினைவுக் கோட்டை உள்ள அதே ஊர். வீட்டுக்காரர் மானாவாரி விவசாயி. மகள் படித்த காலத்து லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் ஓடுகிறது. அடங்கல், சிட்டா, பாஸ்புக் ஸ்கேன்கள் எல்லாம் அதில்தான். மகளின் பல வருடப் போட்டோக்களும் அதில்தான். யூஎஸ்பி துளைகள் இரண்டும் போய்விட்டதால் பென்டிரைவ் போட வழியில்லை. போதாக்குறைக்கு ஹார்ட்டிஸ்க் ‘டிக், டிக்’ என்று சத்தம் போடத் தொடங்கியிருந்தது. கரிசல் காட்டுத் தூசியும் அடிக்கடி போய் வரும் கரண்டும் சேர்ந்தால் ஹார்ட்டிஸ்க் பாவம், என்ன செய்யும்? பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்யக் கடைசி நாளும் நெருங்கிவிட்டது. பக்கத்து மேஜையில் புதிய விண்டோஸ் 11 ப்ரோ கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனால் ஃபைல் மட்டும் வர மறுக்கிறது.

இணையம் அன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அதனால் பாதகமில்லை. வீட்டுக்குள் இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ள வைஃபை ரூட்டர் இருந்தால் போதும், இணைய இணைப்பே தேவையில்லை. புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஃபைல்களைப் பகிர எஸ்எம்பி என்ற மொழியில் பேசுகின்றன. லினக்ஸுக்கு அந்த மொழியைக் கற்றுத் தரும் புரோகிராம் சாம்பா. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1990-களின் தொடக்கத்தில் எழுதியது. எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துகளும் வரிசையாக வரும் சொல்லைத் தேடிப் பிடித்து வைத்த பெயர். நெல்லுக்கும் சாம்பாருக்கும் சம்பந்தமில்லை!

அந்த வீட்டில் சாம்பா நிறுவி, போல்டரை ஷேர் செய்தும் இருந்தார்கள். ஆனால் விண்டோஸில் ‘நெட்வொர்க்’ என்பதைத் திறந்தால் லேப்டாப்பின் பெயரே இல்லை. யாரோ ஒரு கடைக்காரர், “எஸ்எம்பி 1 என்ற வசதியை ஆன் செய்யுங்கள், தெரிந்துவிடும்” என்று சொல்லியிருக்கிறார். உண்மைதான், தெரியலாம். ஆனால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2017 மே மாதம் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை, பரவியது இந்த எஸ்எம்பி 1-ல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாப்ட் அதைத் தானாக நிறுவுவதை நிறுத்தியது. சாம்பாவும் 2019-ல் தன் பக்கம் மூடிவிட்டது. இருவரும் சேர்ந்து பூட்டிய கதவை நாம் ஏன் திறக்க வேண்டும்?

பெயர் தெரியவில்லை என்றால் இணைப்பே இல்லை என்று அர்த்தமில்லை. லேப்டாப்பின் நெட்வொர்க் விவரங்களில் அதன் ஐபி எண்ணைப் பாருங்கள். 192.168.1.7 என்பது போல இருக்கும். விண்டோஸில் ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு, இடைவெளி விடாமல் அந்த எண்ணைத் தட்டி என்டர் கொடுங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால், கமாண்ட் பிராம்ட்டில் பிங் கொடுத்து லேப்டாப் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். பதில் இல்லையென்றால் இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். ஒன்று ரூட்டரின் ‘கெஸ்ட்’ வைஃபையில் இருந்தால் மற்றொன்றுடன் பேச அனுமதி கிடைக்காது. பிங்குக்குப் பதில் வந்தும் போல்டர் திறக்காவிட்டால், லினக்ஸ் ஃபயர்வால் சாம்பாவைத் தடுக்கலாம்.

பாஞ்சாலங்குறிச்சியில் பிங்குக்குப் பதில் வந்தது. ஆனால் எண்ணைத் தட்டியதும் வேறு ஒரு செய்தி: உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு விதிகள் கெஸ்ட் நுழைவைத் தடுக்கின்றன என்ற பொருளில். வீட்டுக்காரர் படித்துவிட்டு, “எங்க வீட்டுல ஏது அண்ணாச்சி நிறுவனம்?” என்றார். நியாயமான கேள்வி!

நடந்தது இதுதான். விண்டோஸ் தன்னுடைய யூசர் பெயரை லேப்டாப்புக்கு அனுப்புகிறது. அந்தப் பெயர் சாம்பாவுக்குத் தெரியாது. தெரியாதவரை ‘சரி, விருந்தாளி’ என்று ஏற்றுக்கொள்வது பல லினக்ஸ்களில் சாம்பாவின் இயல்பு. விண்டோஸ் 11 ப்ரோவோ, 2024-ல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, பாஸ்வேர்டு இல்லாத விருந்தாளியாக உள்ளே போக மறுக்கிறது. எதிரில் இருப்பது நிஜமான லேப்டாப்தானா, இடையில் புகுந்த வேறு யாராவதா என்று உறுதிசெய்ய முடியாதே!

அந்தத் தடையை நீக்கவும் குறுக்கு வழி உண்டு. சரியான வழி அதைவிடச் சுலபம் என்பதால் குறுக்கு வழியை இங்கே எழுதவில்லை. சாம்பாவுக்குத் தனி பாஸ்வேர்டு வையுங்கள். லினக்ஸில் லாகின் செய்யும் பாஸ்வேர்டு சாம்பாவுக்குத் தானாகத் தெரியாது; இதில்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். டெர்மினலைத் திறந்து, எல்லாம் சிறிய எழுத்துகளில், எஸ்-யு-டி-ஓ என்று தட்டி இடைவெளி விடுங்கள். பிறகு எஸ்-எம்-பி-பி-ஏ-எஸ்-எஸ்-டபிள்யூ-டி என்று சேர்த்துத் தட்டி மீண்டும் இடைவெளி. அடுத்து கழித்தல் குறியும் ஏ எழுத்தும் ஒட்டியபடி. கடைசியில் இடைவெளி விட்டு உங்கள் லினக்ஸ் யூசர் பெயர். என்டர் தட்டினால் முதலில் லினக்ஸ் பாஸ்வேர்டு, பிறகு புதிய சாம்பா பாஸ்வேர்டு இரண்டு முறை கேட்கும். தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, பயப்பட வேண்டாம்.

இனி விண்டோஸில் ‘மேப் நெட்வொர்க் டிரைவ்’ போய், ‘வேறு பெயரில் இணை’ என்ற பொருள் தரும் கட்டத்தில் டிக் செய்து, லினக்ஸ் பெயரையும் சாம்பா பாஸ்வேர்டையும் கொடுங்கள். பழைய தவறான பெயரையே விண்டோஸ் பிடித்துக்கொண்டிருந்தால் ‘கிரெடென்ஷியல் மேனேஜ’ரில் அதை நீக்கிவிட்டு, ஒருமுறை சைன் அவுட் செய்து வாருங்கள்.

அங்கே உடனே திறந்தது. முதலில் அடங்கல், சிட்டாவை இழுத்துப் போட்டோம். சத்தம் போடும் ஹார்ட்டிஸ்க்கில் எது அவசரமோ அதுதான் முதலில். போட்டோக்களை ஒரேயடியாக அள்ளாமல் வருடம் வருடமாக எடுத்தோம். சில போட்டோக்களின் பெயர் மட்டும் விண்டோஸில் அலங்கோலமாக வந்தது. லினக்ஸில் மகள் பெயரோடு நேரத்தையும் முக்காற்புள்ளி போட்டு எழுதியிருந்தார். விண்டோஸ் ஃபைல் பெயரில் முக்காற்புள்ளிக்கு இடமில்லை. சாம்பா அதற்குப் பதில் தானே ஒரு குட்டைப் பெயர் வைத்துக் கொடுத்திருக்கிறது. படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

எதிர்த்திசையில், அதாவது விண்டோஸ் போல்டரை லினக்ஸிலிருந்து திறக்கும்போது, இரண்டு விஷயம். விண்டோஸில் உங்கள் வைஃபை ‘பிரைவேட்’ என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். லினக்ஸ் பாஸ்வேர்டு கேட்கும்போது, விண்டோஸைத் திறக்க நீங்கள் தட்டும் நான்கு இலக்க பின் எண் செல்லாது. அந்த அக்கவுண்டின் முழு பாஸ்வேர்டைத்தான் கொடுக்க வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத அக்கவுண்ட் என்றால் விண்டோஸ் உள்ளே விடாது. ஒன்றை வைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.