பருத்திமார் கொதிகலனுக்கா, மண்ணுக்கா?

திருத்தங்கல் பக்கம் எங்க கரிசல் காட்டுல பருத்தி எடுத்து முடிஞ்சதும், "மாரைக் குடுங்கண்ணே, ஆலைக் கொதிகலனுக்கு வேணும்"னு ஒருத்தர் வந்து விலை பேசினார்.

இந்தக் கொதிகலன்களைச் செய்யும் பெரிய நிறுவனங்களில் ஒன்று புனேயின் தெர்மாக்ஸ். 1966ல் வான்சன் இந்தியாவாகத் தொடங்கியது. 1980ல் பெயர் மாறியது. உமி, கரும்புச் சக்கை எல்லாம் எரித்து நீராவி எடுக்கிறார்கள். ஆலைக்கு நிலக்கரி மிச்சம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, புகைத்தூசி பிடிக்கும் கருவி வேலையும் உண்டு. நல்லதுதான்.

உமி எரியட்டும், அது லேசுல மக்காது. எரிச்சா ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், பெரும்பாலும் சிலிக்கா.

மார் அப்படியில்லை. எரிச்சா தழைச்சத்தும் கரிமமும் புகையோட போயிரும். அதனால குடுக்கல. காயோட அடுக்கி வெச்சா இளஞ்சிவப்புக் காய்ப்புழு தங்கும்னு, உடனே பொடியாக்கி சாணிக்கரைசல் தெளிச்சு மக்கப் போட்டுட்டேன். அடுத்த வருசமும் வர்றதா சொல்லிட்டுப் போயிருக்கார்.